மர்மக் காய்ச்சல் என்று எதுவும் இல்லை

2017-ஆம் ஆண்டு அக்டோபரில் தர்மபுரி மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில் கொசு ஒழிப்புப் பணியாளராக நாள் கூலிக்கு வேலை பார்த்தேன். கல்லூரி முடித்து ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை அது. ஒரு டார்ச் லைட், ஒரு பாட்டில் அபேட் மருந்து, ஒரு சாக்பீஸ், ஒரு அட்டை. வீடு வீடாகப் போய் தண்ணீர்த் தொட்டி, குடம், பழைய டயர், ஆட்டுக்கல், பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டி என்றால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

காலனியில் இந்த வேலை சுலபம். அது எங்கள் தெரு. ஊர்த்தெருவில் நான்காவது வீட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏம்பா, எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"காலனியா?"

ஆமாம் என்றேன். அந்த அம்மாள் திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "தொட்டியெல்லாம் மூடித்தான் வெச்சிக்கிறோம். புழு கிழு ஒண்ணும் இல்ல. அங்கயே நின்னு எழுதிக்கினு போ."

நான் வாசலில் நின்றபடியே எழுதினேன்: புழு இல்லை. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர் தாளை வெளியே எடுத்து வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார், கையெழுத்துப் போடுவதற்கு. அந்த வாரம் நான் அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் போனேனோ அதில் பாதிக்கு மேல் தொட்டியைப் பார்க்காமலே 'புழு இல்லை' என்று எழுதினேன். மாலையில் அட்டையைக் கொடுத்தேன். அது கூட்டப்பட்டு மேலே போனது. ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து சென்னைக்கு. அரசின் புள்ளிவிவரத்தில் நான் எழுதிய பொய்யும் ஒரு சிறு துளியாகச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே தெருவில் மூன்று பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சில நூறு மீட்டர் தூரம்தான் பறக்கும். அது பிறந்த தொட்டி அந்தத் தெருவிலேயே எங்கோ இருந்திருக்கிறது. நான் பார்க்காத தொட்டி. என்னைப் பார்க்கவிடாத தொட்டி.

நோய்க் கண்காணிப்பு என்றால் ஆய்வகம், கணினி, இணையதளம் என்று நினைக்கிறோம். எனக்கு அது அந்த வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே போக யாருக்கு அனுமதி உண்டு, யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பதில்தான் கண்காணிப்பு தொடங்குகிறது. அங்கேயே தோற்கவும் செய்கிறது.

எண்ணப்படாத ஒரு சாவு

அதே அக்டோபரில் என் சித்தப்பா இறந்தார். வயது நாற்பத்திரண்டு. பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை பொய்த்த மண்ணில், நிலமில்லாத சாதிகளுக்கு வேறு வழியில்லை.

வேலை செய்த இடத்தில், தகரக் கொட்டகையில் படுத்திருந்தபோது காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்று நாள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு ஊசியும் போட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "காச்சல் உட்டுடுச்சிடா. வயித்து வலிதான் கொஞ்சம்" என்றார்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதும், வயிற்று வலியும் வாந்தியும் அதன் எச்சரிக்கை மணி என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொசுப்புழுவை அடையாளம் காண எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதைக் கொடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ரத்தம் எடுக்கவில்லை. எந்தச் சோதனையும் நடக்கவில்லை. இறப்புப் பதிவில் 'காய்ச்சல்' என்று ஒற்றைச் சொல். அது டெங்குதானா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என் குற்றச்சாட்டு.

கர்நாடகத்தின் கணக்கில் அவர் இல்லை, ஏனென்றால் அங்கே சாகவில்லை. தமிழ்நாட்டின் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் இங்கே சோதிக்கப்படவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்ததாகவும் 65 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த 65-இல் என் சித்தப்பா இல்லை. காய்ச்சலைக் கண்காணிக்கும் வேலையில் இருந்த எனக்கே, என் வீட்டுச் சாவை எண்ணிக்கையில் சேர்க்கும் வழி தெரியவில்லை.

அந்த மாதங்களில் செய்தித்தாள்களில் ஒரு சொல் தினமும் வந்தது: மர்மக் காய்ச்சல். மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி, மர்மக் காய்ச்சலுக்கு வாலிபர் பலி. அந்த நோய்களுக்கெல்லாம் மருத்துவத்தில் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் சோதனை அந்த உடலைத் தொடவில்லை, அவ்வளவுதான். அரசு செய்யத் தவறியதை மர்மம் என்ற சொல் நோயின் குணமாக மாற்றிவிடுகிறது.

எது 'உறுதி', எது 'மர்மம்'?

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் உலக வங்கி உதவியுடன் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதன் அடிப்படை மூன்று படிவங்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளை வைத்து நிரப்புவது 'எஸ்' படிவம். மருத்துவர் பார்த்துவிட்டு இன்ன நோயாக இருக்கலாம் என்று நிரப்புவது 'பி' படிவம். ஆய்வகம் உறுதி செய்து நிரப்புவது 'எல்' படிவம். 2021 ஏப்ரல் 5 அன்று, கொரோனா இரண்டாம் அலை நாட்டைச் சூழ்ந்துகொண்டிருந்தபோது, இதன் புதிய இணையதள வடிவத்தை ஒன்றிய அரசு தொடங்கி வைத்தது.

திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த மூன்று படிவத்துக்கும் ஒரு பொதுவான நிபந்தனை உண்டு. நோயாளி அரசின் வாசலுக்கு வர வேண்டும், அல்லது அரசு நோயாளியின் வாசலுக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் கட்டடத் தொழிலாளி எந்தப் படிவத்திலும் வரமாட்டார். தனியார் கிளினிக்கில் இருநூறு ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவரும் பெரும்பாலும் வரமாட்டார்.

டெங்குவைப் பொறுத்தவரை எலிசா முறையில் செய்த சோதனையைத்தான் அரசு 'உறுதி' என்று ஏற்கிறது. அறிவியல்படி அதில் தவறில்லை. துரித சோதனைகள் தவறலாம். ஆனால் எலிசா வசதி இருக்கும் இடத்துக்கும் சித்தேரி மலைக்கும், வத்தல்மலைக்கும், பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கும் எவ்வளவு தூரம்? கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் கழுதை மேல் ஏறிப் போனது. வாக்கை எண்ணக் கழுதையாவது போனது. காய்ச்சலை எண்ண எது போகும்?

எண்ணிக்கைக்கும் உண்மைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மதுரை மாவட்டத்தில் விரிவாகத் தரவு திரட்டி, அதை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடு அது. 2006 முதல் 2012 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 லட்சம் பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. அரசுக் கணக்கில் இருந்தது ஆண்டுக்குச் சுமார் 20 ஆயிரம். அதாவது 282 மடங்கு வேறுபாடு. ஒருவர் எண்ணப்பட்டால் 281 பேர் விடுபடுகிறார்கள். அந்த ஒருவர் யாராக இருப்பார், அந்த 281 பேர் யாராக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. ஸ்கரப் டைபஸ் என்று ஒன்று உண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குளிலோ, இடுப்பு மடிப்பிலோ, மார்புக்குக் கீழோ இருந்தால் உடையைக் களைந்து பார்த்தால்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து ஆளைக் கொல்லும். இது யாருக்கு வரும்? விறகு பொறுக்கும் பெண்ணுக்கு, ஆடு மேய்க்கும் பையனுக்கு, களை வெட்டும் கூலிக்கு, காட்டோரம் ஒதுங்க வேண்டியிருக்கும் கழிப்பறை இல்லாத வீட்டுக்காரர்களுக்கு. அந்தப் பொருக்கைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கூலிக்காரப் பெண்ணை முழுதாகப் பரிசோதிக்க ஐந்து நிமிடமும் ஒரு மறைவிடமும் ஒரு பெண் செவிலியரும் வேண்டும். அவை இல்லாத இடத்தில்தான் காய்ச்சல் மர்மமாகிறது.

இரண்டு பதிவேடுகள்

தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட மேல் என்பதை மறுக்கவில்லை. பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் நூறாண்டுக்கு முன்பே இங்கே இருந்தது. 1939-இலேயே தனிப் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மண் இது. வீட்டுக்கே மருந்து கொண்டு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. என் அம்மாவின் சர்க்கரை மாத்திரை அதில்தான் வருகிறது. இதையெல்லாம் போராடிப் பெற்ற உரிமைகளாகவே பார்க்கிறேன். அதனால்தான் கேள்வியும் கேட்கிறேன். மேலான மாநிலத்திலேயே இப்படி என்றால்?

கொரோனா காலத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு, சென்னையில் கணக்கில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை ஒரே நாளில் சேர்த்தது. அவை எப்படித் தெரியவந்தன? மாநகராட்சியிடம் ஒரு பதிவேடு இருந்தது, மாநில அரசிடம் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகைகள் கேட்டன. குழு அமைத்துச் சரிபார்த்தார்கள். அரசு தவறை ஏற்றுக்கொண்டது நல்ல விசயம்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு பதிவேடுகள் இருந்ததால்தான் அந்த 444 பேர் திரும்பி வந்தார்கள். எங்கள் காலனிச் சாவுக்கு இருப்பது ஒரே பதிவேடு. அதில் இருப்பது ஒரே சொல்.

இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில், 2020 கணக்குப்படி, மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் எதனால் செத்தார்கள் என்று அரசுக்குத் தெரியாது. இந்த இருட்டு பெருந்தொற்றுக் காலத்தில் எவ்வளவு பெரிதானது என்பதற்கு அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. குடிமைப் பதிவு அறிக்கையின்படி 2020-இல் நாட்டில் பதிவான இறப்புகள் சுமார் 81 லட்சம். 2021-இல் அது 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் சுமார் 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டு கொரோனாவால் இறந்ததாக அரசு சொன்னது சுமார் 3 லட்சத்து 32 ஆயிரம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று மதிப்பிட்டபோது ஒன்றிய அரசு அந்தக் கணக்கு முறையையே மறுத்தது. ஆனால் தன்னுடைய 2021 பதிவு அறிக்கையை 2025 மே மாதம்தான் வெளியிட்டது. செத்தவர்களை எண்ணி முடிக்கவே நான்கு ஆண்டு எடுக்கும் அரசு, அடுத்த தொற்று வரும்போது நான்கு நாளில் எச்சரிக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அரசுக்குக் கண் தெரியாதா?

அரசிடம் ஆள் இல்லை, வசதி இல்லை, மலைக்குப் போக வழி இல்லை என்று சிலர் சொல்வார்கள். தர்மபுரிக்காரனான நான் இதை ஏற்கமாட்டேன். 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்கு வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து போயின. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி ஒவ்வொரு வீட்டையும் துழாவினார்கள். பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஒரு மலையடிவாரக் கிராமத்தின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய அரசுக்கு ஆள் இருந்தது, வண்டி இருந்தது, வழியும் இருந்தது. மூன்று துறைகள் ஒருங்கிணைந்தும் வேலை செய்தன. சுகாதாரத்துக்கு மட்டும்தான் ஒருங்கிணைப்பு இல்லை. அரசு எங்களைச் சந்தேகப்படும்போது கூர்மையாகப் பார்க்கிறது. நாங்கள் சாகும்போது அதன் பார்வை மங்கிவிடுகிறது.

இது பழைய கதை என்றால், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசி வாரம். தலித் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். ஊர் இளைஞர்களே மேல்நிலைத் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம்.

ஒரே குடியிருப்பில் பலருக்கு ஒரே அறிகுறி தெரிவது, பொதுவான காரணத்தைத் தேடுவது, குடிநீர் ஆதாரத்தைப் பரிசோதிப்பது. நோய்க் கண்காணிப்புப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம் இதுதான். அந்த மக்கள் அதை அப்படியே செய்தார்கள். அதன் பிறகு அரசு என்ன செய்தது? குற்றவாளியைத் தேடுவதாகச் சொல்லி அந்தக் குடியிருப்பு மக்களையே மரபணுச் சோதனைக்கு அழைத்தது. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. நோயைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களின் தெருவிலிருந்தே குற்றவாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குப் பிறகு எந்தக் காலனி தன் வீட்டுக் காய்ச்சலை நம்பி அரசிடம் சொல்லும்? கண்காணிப்பு நம்பிக்கையால் ஓடுவது. சாதி அந்த நம்பிக்கையை அடியோடு தின்றுவிட்டது.

சாதியைக் கேட்காத கணக்கு

2020-இல் அமெரிக்காவில் கொரோனா பரவியபோது சில வாரங்களிலேயே ஓர் உண்மை வெளிவந்தது. சிகாகோ நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பின மக்கள், அங்கே நிகழ்ந்த தொடக்ககால இறப்புகளில் பாதிக்கும் மேல் இருந்தார்கள். பிரிட்டனில் அரசின் பொது சுகாதார அமைப்பே கறுப்பின, ஆசிய மக்களுக்குச் சாவின் ஆபத்து அதிகம் என்று அறிக்கை தந்தது. அங்கே இனவெறி இல்லை என்பதல்ல. இனவாரியாகக் கணக்கு இருந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது.

இங்கே கொரோனாவில் எத்தனை தலித்துகள், எத்தனை பழங்குடிகள் இறந்தார்கள்? நாடு தழுவிய சாதிவாரிக் கணக்கு எதுவும் வெளியாகவில்லை. சுடுகாட்டில் யார் பிணம் எரித்தார்கள், ஆஸ்பத்திரிக் கழிவை யார் அள்ளினார்கள், ஊரடங்கில் யார் தூய்மைப் பணிக்குப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் தெரியாது. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் ஒன்று சொன்னது. இந்தியாவில் ஒரு தலித் பெண் ஆதிக்கச் சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்பே இறந்துவிடுகிறாள். பதினான்கரை ஆண்டுகள்! பெருந்தொற்று இல்லாத சாதாரணக் காலத்துக் கணக்கு இது.

நண்பர்கள் சிலர் எனக்கு ஓர் எச்சரிக்கை சொல்வார்கள். நோய்க் கணக்கில் சாதியைச் சேர்த்தால், 'இவர்களால்தான் நோய் பரவுகிறது' என்று முத்திரை குத்திவிடுவார்களே? நியாயமான பயம். 2020 மார்ச் இறுதியில் டெல்லி தப்லீக் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைத் தனியாகக் கணக்குச் சொல்லி, ஒரு மதத்தவர் மீதே நோயைச் சுமத்தியதைப் பார்த்தோம். இன்றும் அரசு கையில் எடுக்கும் கொள்ளைநோய்ச் சட்டம் பம்பாய் பிளேக் காலத்தில் 1897-இல் வெள்ளைக்காரன் போட்டது. ஏழைகளின் வீட்டுக்குள் நுழைய அதிகாரிக்கு அதிகாரம் தரும் சட்டம்.

ஆனால் தப்லீக் விசயத்தில் நடந்தது, நோயைப் பரப்பியது யார் என்ற பட்டியல். நாம் கேட்பது, நோயிலிருந்து காப்பாற்றப்படாதவர் யார் என்ற பட்டியல். முன்னது ஆளைக் குற்றவாளியாக்கும். பின்னது அரசைக் கூண்டில் ஏற்றும். தனி மனிதரின் பெயரும் தெருவும் வெளியே வராமல், எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற விகிதத்தை மட்டும் வெளியிட முடியும். கணக்கே இல்லாவிட்டால் முத்திரை நின்றுவிடுகிறதா? இல்லை. 'காலனிப் பையனா' என்று அந்த வாசலில் கேட்டபோது எந்தப் புள்ளிவிவரத்தையும் பார்த்துக் கேட்கவில்லை.

அஞ்சல் அட்டை போதும்

பணம் இல்லாததால் முடியாது என்பதும் உண்மையில்லை. எங்கள் மாவட்டத்தை ஒட்டியிருந்த பழைய வட ஆற்காட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் ஒரு முறையை நடத்திக் காட்டினார்கள். அரசு, தனியார் மருத்துவர்களிடம் அச்சடித்த அஞ்சல் அட்டைகளைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தாலே போதும், அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும். வந்த தகவலைத் தொகுத்து, மாதாந்திர மடலாக அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தகவல் கொடுத்தவருக்குத் தகவல் திரும்பி வந்தது. அதனால் அவர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். இந்த அனுபவம் 1998-இல் லான்செட் இதழில் வெளியானது. பிறகு கேரளத்தின் கோட்டயத்திலும் இதைப் பின்பற்றினார்கள்.

கணினி இல்லை, செயலி இல்லை. ஓர் அட்டையும், அதைப் படித்துப் பதில் சொல்லும் ஒரு மனிதரும்தான். நாங்கள் கொடுத்த அட்டைகளுக்கு எந்தப் பதிலும் வந்ததில்லை. மேலே போனது மேலேயே இருந்துவிட்டது. காய்ச்சல் காலம் முடிந்ததும் எங்களையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மழைக்கு வேறு ஆட்கள். எந்த வீட்டின் பின்னால் உடைந்த சின்டெக்ஸ் தொட்டி கிடக்கிறது, எந்தக் கிணற்றடியில் தண்ணீர் தேங்கும் என்று நான் மூன்று மாதத்தில் கற்றதெல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சென்னையில் 2021 செப்டம்பரில் கிருமியின் மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வகத்தை மாநில அரசு திறந்தது. பெருமைதான். ஆனால் அந்த ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ரத்தத்தைக் காலனியிலிருந்து யார் எடுத்து அனுப்புவது?

அதனால் நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கணக்கை ஒன்றிய வாரியாக, வாரந்தோறும், தமிழில் வெளியிட வேண்டும். மருத்துவச் சான்று இல்லாத ஒவ்வொரு சாவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். கொசு ஒழிப்புப் பணியாளர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் நிரந்தரமாக்கி, நோய் அறிகுறிகளில் பயிற்சி தர வேண்டும். அவர்களை வாசலில் நிறுத்துவது வன்கொடுமை என்று பதிவாக வேண்டும். காலனித் தொட்டித் தண்ணீரை மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். வெளியூர் வேலையிலிருந்து காய்ச்சலோடு திரும்புகிறவரை இரு மாநிலமும் எண்ண வேண்டும். சாதி, பாலினம், தொழில் வாரியாக இறப்பு விகிதங்களை வெளியிட வேண்டும்.

1897-இல் பூனாவில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலே, நோயில் கிடந்த ஒரு மகர் சிறுவனைத் தூக்கிக்கொண்டு, தன் மகன் நடத்திய மருத்துவ முகாமுக்குப் போனார். அந்த நோயே அவரையும் தொற்றி, அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். அவரை நாம் ஆசிரியராகக் கொண்டாடுகிறோம். கொள்ளைநோய்க் காலத்தில் தீண்டாமையை மீறி ஓர் உடலைத் தொட்டவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு செவிலியரோ ஒரு கூலிப் பணியாளரோ அதைச் செய்ய உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளமும் கையுறையும் உள்ளே போகும் உரிமையும் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் 2017-இன் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பாதி கிழிந்துவிட்டது. சித்தப்பா இறந்த வாரத்துக்கு நேரே என் கையெழுத்து இருக்கிறது: புழு இல்லை. அது உண்மைதான், எங்கள் வீட்டில் புழு இல்லை. நான் நன்றாகத் தேடிப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தத் தாளில் சாவை எழுதுவதற்கு மட்டும் கட்டம் இல்லை.